நாலு விரல் அம்மா

“யாருண்ணே இத வரைஞ்சது? தூங்கிக்கிட்டே வரைஞ்சாங்களா?”

ரப்பர், ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். திரையில் கார்ட்டூன் அம்மா சமையலறைத் தொட்டியின் முன் நின்று ஒரு கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பிடித்திருந்த கையை ரப்பர் பெரிதாக்கினாள். “எண்ணிப் பாருங்க. அஞ்சு! நாலு விரல் அம்மாவுக்குத் திடீர்னு ஒண்ணு கூட மொளச்சிருக்கு. அதுவும் கோணலா.” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் எண்ணவில்லை. மேசையில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். “அத அப்புறம் பாத்துக்கலாம். அடுத்தத ஓட்டும்மா,” என்றேன்.

ரப்பர் என்பது அவளுடைய பெயர் இல்லை. பழைய எபிசோடுகளில் இருக்கும் கறை, கீறல், தப்பு எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது அவள் வேலை என்பதால் ஸ்டுடியோவில் அப்படி ஆகிவிட்டது. அவள் சேர்ந்தது சமீபத்தில்தான். என் மனைவி இறந்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கையை வரைந்தவள் என் மனைவி என்பது தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். நல்ல பெண்.

எங்கள் தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கார்ட்டூன் குடும்பம். எதையும் ரிப்பேர் செய்யப் போய் மேலும் உடைத்துவைக்கும் அப்பா, எல்லாவற்றையும் சமாளிக்கும் அம்மா, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் இரட்டைப் பிள்ளைகள், ஒரு வாரம் தங்குகிறேன் என்று பெட்டியோடு வந்து இன்றுவரை திரும்பிப் போகாத மாமா. யாருக்கும் வயதாவதில்லை. எல்லோருக்கும் கைக்கு நாலு விரல்தான். கார்ட்டூனில் அது ஒரு வசதி. ஒரு விரல் குறைந்தால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு கோடு மிச்சம். தவிரவும், அந்தச் சின்ன உருண்டைக் கையில் ஐந்து விரலைத் திணித்தால் வாழைச் சீப்பு மாதிரி இருக்கும். எந்த விரலை விடுவது என்று யாரும் பேசி முடிவு செய்ததில்லை. ஆனால் வரைகிறவர்கள் எல்லோரும் சுண்டுவிரலைத்தான் விடுவார்கள்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கடிகாரத்தின் முள், மாமாவின் சட்டைப் பட்டன், மேசைமேல் இருக்கும் கிண்ணங்கள், சன்னல் திரை எவ்வளவு விலகியிருந்தது, எல்லாம். எனக்கு அங்கே கண்கொத்தி என்று பெயர். கண்கொத்திப் பாம்பு என்பதில் பாம்பை மட்டும் மரியாதைக்காக விட்டிருந்தார்கள்.

எங்கள் ஸ்டுடியோவில் ஆளுக்கு ஒரு பாத்திரம். என் மனைவி அம்மாவை மட்டும்தான் வரைவாள். மேசைமேல் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கோபப்படுவாள், கொட்டாவி விடுவாள், கையை இடுப்பில் வைத்து முறைப்பாள்; அப்புறம் குனிந்து அதை வரைவாள். படம் வரைகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். வெளியாள் யாராவது உள்ளே வந்தால் மனநோய் மருத்துவமனை என்று நினைத்துக்கொள்வார். அவளுடைய சுண்டுவிரல் சிறுவயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்து, உள்பக்கமாக வளைந்தே சேர்ந்துவிட்டது. “நல்லவேளை, எங்க அம்மாவுக்கு இந்த விரலே கெடையாது,” என்பாள். அவள் ‘எங்க அம்மா’ என்று சொன்னால் கார்ட்டூன் அம்மாவைத்தான் சொல்கிறாள் என்று அர்த்தம்.

அவள் வரைந்தவற்றில் தப்பு கண்டுபிடித்து அவளிடமே திருப்பி அனுப்புவதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கையின் பெரும்பகுதி. வீட்டிலும் எனக்குப் புத்தி போகவில்லை. “இந்தத் தலையணை காலைல அந்தப் பக்கம்தானே இருந்துச்சு,” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “இருந்துச்சு. நான்தான் மாத்தினேன். போய் ரிப்போர்ட் எழுது. ரீடேக் எடுத்துடலாம்,” என்றாள்.

உடம்பு சரியில்லை என்று தெரிந்தபின் அவள் எழுந்து வேலைக்குப் போனது கொஞ்ச காலம்தான். அப்புறம் வீட்டிலேயே படுக்கையில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதே கண்ணாடியை நிறுத்திக்கொண்டு வரைந்தாள். டைரக்டர் வீட்டுக்கு வந்து, வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். “எங்க அம்மாவ யார் கையிலயும் குடுக்க மாட்டேன் சார்,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் வாசலில் செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. நான் விடுப்பில் இருந்தேன். என் இடத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்.

அப்படி உருவானதுதான் சாவி எபிசோடு. அம்மா வீட்டுச் சாவியைத் தொலைத்துவிடுகிறாள்; குடும்பம் முழுக்க ஒரு பகல் வெளியே கிடந்து தேடுகிறது; கடைசியில் உள்ளே போனபிறகுதான் தெரிகிறது, கதவு பூட்டப்படவே இல்லை. சிரிப்பான கதை. அது ஒளிபரப்பானபோது அவள் இல்லை. நான் பார்க்கவில்லை. வெகுநாள் கழித்து, எதற்கோ தேடப்போய் இணையத்தில் ரசிகர்கள் நடத்தும் பக்கம் ஒன்றில் போய் விழுந்தேன். எபிசோடு வாரியாகத் துணுக்குகள், தப்புகள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். சாவி எபிசோடுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘தப்புகளின் ராணி’.

கதவின் கைப்பிடி முதலில் வலப்பக்கம், அம்மா தட்டும்போது இடப்பக்கம். சாவி மஞ்சள், அப்புறம் வெள்ளை. வெளியே மழை பெய்கிறது, அம்மாவின் தோள் நனையவில்லை. அம்மாவின் கொண்டை பாதியில் சிறிதாகிவிடுகிறது. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க எனக்கு அந்தப் படுக்கை தெரிந்தது. கைப்பிடி மாறியது, அவளால் இடப்பக்கம் ஒருக்களிக்க முடியாமல் போன வாரம்; தாளைத் திருப்பிப்போட்டு வரைந்தாள். மழை, நடுவில் மருத்துவமனைக்குப் போய்வந்ததால் விட்டுப்போனது. கொண்டை சிறிதானபோது அவளுக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல்கூட இருக்கலாம். இப்படி முடிச்சுப் போடுவதை அவள் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் எனக்கு வேறு நாட்குறிப்பு இல்லை. முன்பின் தெரியாத யார்யாரோ உட்கார்ந்து அவளுடைய கடைசி மாதங்களைத் துளித்துளியாகக் குறித்து வைத்திருந்தார்கள், என்ன குறிக்கிறோம் என்று தெரியாமலே.

பட்டியலின் தலையில் விரல் இருந்தது. அதன் கீழே ஒரு வரி: ‘கவனக்குறைவு, வரைந்தவர் குடித்திருக்கலாம்.’

பக்கத்தைத் திருத்த யாருக்கும் வசதி இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு ‘வரைந்தவருக்கு அப்போது உடல்நிலை மிக மோசமாக இருந்தது’ என்று எழுதினேன். சற்று நேரத்தில் அது மறைந்து பழைய வரி வந்துவிட்டது. ஆதாரம் இல்லாத தகவல் நீக்கப்பட்டது என்று அறிவிப்பு. மறுபடி எழுதினேன். மறுபடி மறைந்தது. ‘நான்தான் ஆதாரம்’ என்று எழுதினேன். ‘தனிப்பட்ட நினைவு ஆதாரமாகாது’ என்று பதில் வந்தது. இரண்டாயிரம் தப்புகளைக் கண்டுபிடித்தவனிடம் ஆதாரம் கேட்கிறார்கள். அவளுடைய இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்து அலமாரியைத் திறந்தேன். அதற்குள் அதே ஆள் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘சார் நீங்க நெஜமாவே அங்க வேலை பாக்குறீங்களா? அப்ப இத மட்டும் சொல்லுங்க. மாமா ஏன் ஊருக்குத் திரும்பிப் போகல?’ அலமாரியை மூடிவிட்டேன்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது தொடர் முழுவதையும் ஒரு பெரிய இணைய நிறுவனம் வாங்கியிருந்தது. தப்புகளைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். திருத்துவதற்கு என்னைவிட்டால் யார்?

அந்த வாரம் முழுக்க ரப்பரும் நானும் சாவி எபிசோடில் உட்கார்ந்தோம். கைப்பிடியை வலப்பக்கம் மாற்றினோம். சாவியை மஞ்சளாக்கினோம். அம்மாவின் தோளை நனைத்தோம், கொண்டையைப் பெரிதாக்கினோம். ஒவ்வொன்றாக நான் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன். இவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று யாரிடமோ பேரம் பேசுவதுபோல. கடைசியில் பேரம் பேச எதுவும் மிச்சம் இல்லாமல் போனதும் டைரக்டர் அறைக்குப் போனேன்.

“யோவ் கண்கொத்தி, உக்காரு. என்னய்யா மூஞ்சி இப்படித் தொங்குது?”

“அந்த டம்ளர் ஷாட்ட விட்டுடலாமா சார்?”

“எந்த டம்ளர்?”

“சாவி எபிசோடு. அம்மா கை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அது அவ வரைஞ்சதுல்ல?”

“கடைசியா வரைஞ்சது சார். அதுக்கப்புறம் பென்சிலே பிடிக்கல.”

“வாங்குறவன் ரசிகருங்க பக்கத்தையே பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கான்யா. ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டுத் திருப்பி அனுப்பணும். விரல்தான் மொத ஐட்டம்.”

“ஒரு விரல்தானே சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு விரல்தானேன்னு நீயா சொல்ற? மாமா சட்டையில ஒரு பட்டன் கூட இருக்குன்னு என் எபிசோடையே நிறுத்தி வச்சவன்யா நீ. ஒரு பட்டன்தானேன்னு நான் அன்னிக்கு உன்கிட்ட கெஞ்சுனேன். நீ என்ன சொன்ன?”

ஒருத்தன் பார்த்துவிட்டால் போதும் சார், அப்புறம் அந்த வீட்டை அவன் நம்பமாட்டான் என்று சொல்லியிருந்தேன்.

“ஒரிஜினல் ஃபைல உனக்கே தரேன். பெருசா பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டிக்கோ. என்னால வேற என்னய்யா செய்ய முடியும்?” அவர் குரல் தணிந்திருந்தது. அவருடைய நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சுவரில் மாட்ட என்னிடம் அவள் படம் ஏற்கெனவே இருக்கிறது. சுவரில் மாட்டியதும் ஒன்றுதான், போனதும் ஒன்றுதான். இந்தக் கை அப்படி இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் அவள் கை அங்கே ஒரு டம்ளரைத் துடைக்கிறது. அந்தக் கைக்கு இன்னும் வேலை இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

“உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்.”

“வேணாம் சார். நானே பண்றேன்.”

படியிறங்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. தப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. முன்னால் இருப்பதோடும் பின்னால் வருவதோடும் ஒத்துப்போகாததுதான் தப்பு. எல்லா ஷாட்டிலும் மாமாவுக்கு அந்தப் பட்டன் இருந்திருந்தால் அது சரியான பட்டன். அப்படியானால் அம்மாவுக்கு முதலிலிருந்து கடைசிவரை ஐந்து விரல் இருந்துவிட்டால்? யார் என்ன சொல்ல முடியும்? என் தொழிலின் விதிப்படியே அது சரி. இந்த எபிசோடை முடித்துவிட்டு இதற்கு முந்தியது, இதற்குப் பிந்தியது, அப்புறம் மற்றவை. மொத்தம் எவ்வளவு கைகள் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அங்கேயே படியில் உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் யாரும் இல்லை. காவலாளியிடம் வேலை தேங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு ரப்பரின் கணினியில் உட்கார்ந்தேன். எனக்கு வரையத் தெரியாது. வரைந்ததில் என்ன குறை என்று மட்டும்தான் தெரியும். டம்ளர் ஷாட்டிலிருந்து அந்த விரலை வெட்டி எடுத்து மற்ற கைகளில் ஒட்டினேன். கை அதே கோணத்தில் இருந்த இடங்களில் எப்படியோ பொருந்தியது. முஷ்டியாக மூடிய இடத்தில், பிள்ளைகளுக்கு டாட்டா காட்டிய இடத்தில், மாமாவின் காதைத் திருகிய இடத்தில் நானே எதையோ வரைந்தேன். மத்தியானம் கடையில் வாங்கிவந்த ரொட்டியைத் தின்றேன். பசித்துச் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். அம்மா ஐந்து விரலோடு கதவைத் தட்டினாள், ஐந்து விரலோடு சாவியைத் தேடினாள். ஒத்துப்போயிற்று. எனக்கு அப்போது அப்படித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது ரப்பர் எனக்கு முன்பே வந்திருந்தாள்.

“அண்ணே, சிஸ்டத்துல ஏதோ பூந்துடுச்சு போல. வைரஸா இருக்குமோ? அம்மாவுக்குப் பாக்குற எடமெல்லாம் வெரல் மொளச்சிருக்கு. இங்க பாருங்க, இது வெரலா, இல்ல மெழுகுவத்தியா...” சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “நீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“ஏண்ணே?”

“அந்த டம்ளர் ஷாட்டு என் வீட்டுக்காரி வரைஞ்சது. அந்த விரல் அவளோடது.”

மன்னிப்புக் கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. திரும்பி, டம்ளர் ஷாட்டை ஒரு பக்கமும் நான் ஒட்டியவற்றை மறு பக்கமும் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். எதையாவது முறைத்துப் பார்க்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வது வழக்கம்.

“நீங்க போட்டது எதுவும் அவங்க விரல் இல்லண்ணே,” என்றாள் மெதுவாக. “கோச்சுக்காதீங்க. உங்க விரல் எல்லாம் சும்மா இருக்கு. இது பாருங்க, இது வேலை செய்யுது.”

அப்போதுதான் பார்த்தேன். கண்கொத்தி என்று பெயர் வாங்கியவன் அதுவரை பார்க்கவில்லை. கோணலைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன், அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. சுண்டுவிரல் டம்ளரின் அடியில் போய் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. மருந்து ஏறியபின் அவளுக்கு விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கைக்கே தெரியாது. இரண்டு டம்ளர் உடைந்தபின் பிளாஸ்டிக்கில் கொடுத்தேன். “நான் என்ன எல்.கே.ஜி.யா?” என்று தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் எதைப் பிடித்தாலும் அந்த வளைந்த விரலை அடியில் கொடுத்துத்தான் பிடிப்பாள். நாலு விரலால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை அவளுக்குப் போயிருந்தது. தெரிந்தே போட்டாளா, கண்ணாடியில் கண்டதைக் கை அப்படியே வரைந்துவிட்டதா? அதைக் கேட்க ஆள் இல்லை.

“இத எடுத்தா என்ன ஆகுது பாருங்க,” என்று ரப்பர் விரலை மட்டும் மறைத்துக் காட்டினாள். டம்ளர் சறுக்கியது. படத்தில் அது எங்கேயும் போகவில்லை, அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் கையைவிட்டு விழப்போவதுபோல் இருந்தது. அவள் ஓட்டினாள். அம்மா சிரித்தபடி டம்ளரைத் துடைத்தாள். எனக்கு எழுந்துபோய்த் திரைக்குக் கீழே கையை நீட்ட வேண்டும்போல் இருந்தது.

“வெறுமனே அழிச்சிட முடியாதுண்ணே. பிடியையே மாத்தி வரையணும்.” அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “டைரக்டர் காலைலயே கேட்டாரு. இன்னிக்கு அனுப்பணுமாம். நான் வேணா நாளைக்குன்னு சொல்லட்டுமா?”

“நாளைக்கு மட்டும் என்ன மாறப்போகுது?”

“சரி. அப்ப நீங்க பிடிச்சுக் காட்டுங்க. எனக்கு ஆம்பளக் கை, பொம்பளக் கை கணக்கில்ல. பிடி தெரிஞ்சா போதும்.”

அவள் எழுந்து என் டீ டம்ளரைக் கழுவி, அதில் பாட்டிலிலிருந்து தண்ணீரை விளிம்புவரை ஊற்றினாள். “வெறும் டம்ளரப் பிடிச்சா கை பொய் சொல்லும்ணே. கனம் இருக்கணும்.” நான் வாங்கிக்கொண்டேன். சன்னல் வெளிச்சம் விழும்படி என்னை உட்காரவைத்து, அவள் எதிரே பலகையோடு உட்கார்ந்தாள். அவள் என் கையை மட்டும் பார்த்தாள்.

“சுண்டுவிரல மடக்கிக்கோங்க.”

மடக்கினேன். டம்ளரின் கனம் மற்ற விரல்களுக்கு இறங்கியது. அவள் கட்டைவிரலை வரைந்து முடித்திருப்பாள்.

“வெளிய வந்துடுச்சுண்ணே.”

குனிந்து பார்த்தேன். வந்திருந்தது. நான் வெளியே எடுக்கவில்லை. மறுபடி மடக்கி, உள்ளங்கையில் அழுத்திவைத்தேன். வெளியே வராந்தாவில் யாரோ யாரையோ டீக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். மணிக்கட்டு வலித்தது. தண்ணீர் லேசாக ஆடியது.

“அசையாதீங்க. இன்னும் கொஞ்சம்தான்.” அவள் ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை அவள் மடக்கச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் மெல்ல வெளியே வந்து, டம்ளரின் அடியைத் தேடிக்கொண்டு போனது.